பேசாச் சிலைகளும் ஒரு நண்பரும்

சென்ற கோடையில், மதுரைக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் ஒன்றில், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்து வேப்பமர நிழலில் சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவ்வூர் இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். பொறியியல் கற்று, ஜப்பானிய மொழித் தேர்வுகளில் தேறி, மூன்றாண்டுகளாகத் தோக்கியோவில் பணிபுரிபவர். நேரம் தவறாத தொடர்வண்டிகள், ஒரு துண்டுக் காகிதமும் கிடக்காத தெருக்கள், குப்பையை வகைவகையாகப் பிரித்துக் குறித்த நாளில் குறித்த இடத்தில் வைக்கும் ஒழுங்கு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். கேட்டவர்கள் வியந்தார்கள். அனைத்தையும் கேட்டிருந்த முதியவர் ஒருவர் கடைசியில், "அதெல்லாம் சரிப்பா, அங்கன ஒனக்குச் சேக்காளி யாரு?" என்றார். இளைஞர் உடனே மறுமொழி சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "எல்லாரும் ரொம்ப மரியாதையா நடந்துக்கிறாங்க, தாத்தா" என்றார்.

மரியாதை வேறு, சேக்காளி வேறு என்பதை மதுரைச் சீமையில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாண்டிய நாட்டுப் பிசிரில் வாழ்ந்த ஆந்தையார், தாம் கண்ணாலும் கண்டிராத சோழன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது அவனருகே சென்று அமர்ந்து உயிர்விட்ட வரலாற்றைப் புறநானூறு பேணி வைத்திருக்கிறது. வள்ளுவர் நட்பைப் பற்றிப் பேச ஐந்து அதிகாரங்களை ஒதுக்கினார். கூடிச் சிரிப்பதற்காக ஏற்பட்டதன்று நட்பு, வழி தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்காக ஏற்பட்டது என்பது அவர் தரும் இலக்கணம். இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்நிய நாட்டில் வாழ்ந்தவர்கள் அந்நாட்டைப் பற்றி எழுதியவற்றைப் படித்துப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் அன்று நமக்குத் தோன்றியது. இவ்வகை எழுத்துகளைப் பொதுவாக அவை தரும் செய்திகளின் அளவால் மதிப்பிடுகிறோம். அந்த முதியவரின் கேள்வியே சிறந்த அளவுகோல் என்பது நம் கருத்து. அந்நியர் எழுதிய ஏட்டில் அம்மண்ணின் நண்பர் ஒருவர் இருக்கிறாரா? இருந்தால், அவர் எழுதியவரைத் திருத்துகிறாரா?

சவேரியாரின் இரு கடற்கரைகள்

புனித பிரான்சிஸ் சவேரியார் நமக்கு அந்நியரல்லர். 1542ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து, அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தவர் அவர். மணப்பாடும் புன்னைக்காயலும் தூத்துக்குடியும் அவர் கால் பட்ட மண். ஏழாண்டுகளுக்குப் பின், 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் அதே மனிதர் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். இரு கரைகளிலிருந்தும் அவர் எழுதிய மடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒரே எழுத்தாளர், இரண்டு அந்நிய மண். திறனாய்வாளனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டியதில்லை.

இரு கரைகளிலும் அவருக்கு முதற்கண் நேர்ந்த துன்பம் ஒன்றே. 1544 ஆகஸ்டில் தம் உடன்பணியாளர் மன்சில்லாசுக்கு எழுதிய மடலில், மொழிபெயர்ப்பவர் நோயுற்றுக் கிடக்க, மக்கள் நடுவே தாம் தனித்து நிற்பதையும், அவர்கள் சொல்வது தமக்கும் தாம் சொல்வது அவர்களுக்கும் விளங்காததையும் சற்றே கசந்த நகைச்சுவையோடு சொல்லுகிறார். 1549 நவம்பர் 5ஆம் நாள் ககோஷிமாவிலிருந்து கோவாவுக்கு எழுதிய நெடிய மடலில், தாமும் தோழர்களும் அம்மக்களிடையே சிலைகளைப்போல் இருப்பதாகக் கூறுகிறார். அவர்கள் இவர்களைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொள்கிறார்கள். இவர்கள் பொருள் புரியாமல் வாய்மூடி நிற்கிறார்கள். வேற்று நாட்டில் முதல் மாதத்தைக் கழித்த எவருக்கும் இவ்வுவமையின் உண்மை தெரியும். சந்தைக்கு வந்த பெரிய மனிதன் அங்கே குழந்தையாகிவிடுகிறான்.

துன்பம் ஒன்றாயினும் எழுத்து ஒன்றாக இல்லை. முத்துக்குளித்துறை மடல்களில் அவர் நம்மவர்பால் கொண்ட பரிவு பெரிது. 1544இல் வடுகர் படை கடற்கரைக் குடிகளைச் சூறையாடியபோது, தோணிகளில் உணவேற்றிக்கொண்டு உதவப் புறப்பட்டவர் அவர். மத்தேயு என்னும் சிறுவனைப் பெயர் சொல்லித் தந்தையின் பாசத்தோடு விசாரிக்கிறார். எனினும் அவை ஒரு தந்தை பிள்ளைகளைப் பற்றி எழுதிய மடல்கள். அவர் கற்பிக்கிறார், இவர்கள் கற்கிறார்கள். அவர் கண்டிக்கிறார், இவர்கள் அடங்குகிறார்கள். கோயில் அந்தணர்களைப் பற்றி அவர் எழுதிய கடுஞ்சொற்களை இன்று படிக்கும்போது நமக்குக் கூச்சம் ஏற்படுகிறது. நம் கடற்கரையிலிருந்து எவரும் அவரைத் திருத்தியதாக அம்மடல்களில் காணோம். திருத்தியவர் இருந்திருக்கலாம், எழுத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இதைச் சொல்வதால் புனிதரைக் குறைகூறுவதாக வாசகர் கருதலாகாது. அவர் விட்டுச்சென்ற மடல்களை மடல்களாகப் படிப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

ஜப்பான் மடல்களில் குரல் மாறுகிறது. அந்த மாற்றம் கரையிறங்குமுன்பே தொடங்கிவிட்டது. 1547 டிசம்பரில் மலாக்காவில் அவரைச் சந்தித்த அஞ்சிரோ என்னும் ஜப்பானியரிடம், உங்கள் நாட்டவர் நம் மறையை ஏற்பார்களா என்று சவேரியார் கேட்டார். உடனே ஏற்கமாட்டார்கள், முதலில் பல கேள்விகள் கேட்பார்கள், பின்பு நீர் சொல்வதற்கும் நீர் வாழ்வதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்றார் அஞ்சிரோ. அந்நியரைச் சோதிக்கும் உரிமை மண்ணின் மைந்தருக்கு உண்டு என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்ன சொல் இது. சவேரியார் அதை மறைக்காமல் எழுதி அனுப்பினார்.

ககோஷிமாவில் அவருக்கு வாய்த்த நண்பர் இன்னும் வியப்புக்குரியவர். நின்ஷிட்சு என்னும் அம்முதியவர் ஃபுக்குஷோஜி என்னும் ஸென் பௌத்த மடத்தின் தலைவர். சவேரியார் கணக்கில் எண்பது வயதினர். ஆன்மா அழியாததா, உடலோடு அழிவதா என்று இருவரும் பலமுறை பேசினர். முதியவர் சிலவேளை ஆம் என்றார், சிலவேளை இல்லை என்றார். இந்த ஐயப்பாட்டைக் கண்டு சவேரியார் சலித்துக்கொண்டதும் உண்டு. ஆயினும் அவர் தமக்கு எத்துணை நெருங்கிய நண்பர் என்பதை வியந்து எழுதாமல் இருக்க அவரால் முடியவில்லை. லூயிஸ் ஃபுரோயிஸ் பின்னாளில் எழுதிய ஜப்பான் வரலாற்றில் இந்நட்பின் ஒரு காட்சி உண்டு. மடத்தில் கண்மூடி அமர்ந்திருந்த துறவிகளைக் காட்டி, இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சவேரியார் கேட்க, சிலர் சென்ற மாதம் வந்த காணிக்கையைக் கணக்குப் பார்க்கிறார்கள், சிலர் நல்ல உடை எங்கே கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள் என்று முதியவர் நகைத்தாராம். தம் மடத்தைத் தாமே எள்ளி நகையாடும் உரிமையோடு அந்நியரிடம் பேசுவதற்கு நெஞ்சில் நெருக்கம் வேண்டும். நம் குருக்களுள் எத்தனை பேர் வேற்றுச் சமயத்து நண்பரிடம் இப்படிப் பேசக்கூடும்?

யமாகுச்சியின் கண்ணீர்

சவேரியாரின் மடல்களில் நம்மை மிகவும் கலங்கச் செய்யும் பகுதி, அவர் ஜப்பானை விட்டுத் திரும்பியபின், 1552 ஜனவரி 29ஆம் நாள் கொச்சியிலிருந்து ஐரோப்பியத் தோழர்களுக்கு எழுதிய மடலில் உள்ளது. யமாகுச்சியில் மறையைத் தழுவியவர்கள் அவரிடம் ஒரு கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்டார்கள். இறைவனை அறியாமலே இறந்துபோன எம் தாய் தந்தையர் எங்கே இருக்கிறார்கள்? எம் மன்றாட்டாலும் அறச்செயலாலும் அவர்களை மீட்க இயலுமா? அக்காலத்து மறையறிவின்படி அவர் சொன்ன விடை, இயலாது என்பது. அவர்கள் அழுதார்கள். எழுத்து அத்துடன் நின்றிருந்தால் அது ஒரு போதகரின் அறிக்கையாகவே இருந்திருக்கும். அடுத்து அவர் எழுதுவதுதான் அதை இலக்கியம் ஆக்குகிறது. தாம் இவ்வளவு நேசிக்கும் நண்பர்கள் தீர்வில்லாத ஒன்றிற்காக அழுவதைக் காண்கையில் தமக்கும் துயரம் உண்டாவதாக அவர் ஒப்புக்கொள்கிறார்.

அவர் விடையை மாற்றவில்லை, மாற்றியிருக்கவும் இயலாது. ஆனால் தம் விடையின் விலை என்னவென்று அவர் நண்பர்களின் முகத்தில் கண்டார். கண்டதை மறைக்காமல் எழுதினார். போதிக்க வந்தவர் நண்பராகிவிட்டால் நேரும் வேதனை இது. ஒரு நோக்கத்தோடு செய்யப்படும் நட்பு நட்பாகுமா என்ற வினாவை நம் சமய நண்பர்கள் பலர் நம்மிடம் கேட்பதுண்டு. யமாகுச்சியின் கண்ணீரைப் படித்தபின் நாம் தரும் விடை இதுதான். நோக்கத்தைத் தாண்டி நண்பரின் துயரம் நம்மைத் தொட்டுவிட்டால், அங்கே நட்பு தொடங்கிவிட்டது. தொடாவிட்டால் எத்தனை இனிய சொற்களாலும் அது தொடங்கவில்லை. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேரிய உள்ளத்தோடு இறைவனைத் தேடுவோர் மீட்படையக் கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் ஏட்டில் 1964ஆம் ஆண்டு தெளிவாகக் கூறிற்று. யமாகுச்சி மக்கள் அழுது 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அந்த விடையைக் கேட்க அவர்கள் இல்லை.

அறுநூறு வேற்றுமைகளும் எழுதாத ஓர் இந்தியரும்

நட்பின் அளவுகோலில் சவேரியார் உயர்ந்து நின்றால், செய்தியின் அளவுகோலில் உயர்ந்து நிற்பவர் மேலே குறிப்பிட்ட ஃபுரோயிஸ். 1563இல் ஜப்பான் சேர்ந்து, 1597இல் நாகசாகியில் இறக்கும்வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, அம்மண்ணிலேயே வாழ்ந்தவர். 1585இல் ஐரோப்பியரின் வழக்கங்களையும் ஜப்பானியரின் வழக்கங்களையும் எதிரெதிரே வைத்து 14 அதிகாரங்களில் ஏறத்தாழ 600 குறிப்புகளாக ஒரு நூல் செய்தார். அதன் கையெழுத்துப்படி 1946இல்தான் மாட்ரிட்டில் கண்டெடுக்கப்பட்டு 1955இல் அச்சேறியது. அன்றாட வாழ்வைப் பற்றி இத்துணை நுட்பமாக எழுதப்பட்ட பழைய ஏடு அரிது. அவர்கள் விரலால் உண்கிறார்கள், இவர்கள் இரண்டு குச்சிகளால் உண்கிறார்கள். அவர்களுக்குத் துக்கத்தின் நிறம் கறுப்பு, இவர்களுக்கு வெள்ளை. அவர்கள் காலணியோடு வீட்டினுள் நுழைகிறார்கள், இவர்கள் வாயிலிலேயே கழற்றிவிடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கிறார்கள், இவர்கள் சொல்லால் திருத்துகிறார்கள் என்று செல்லும் அப்பட்டியல்.

தமிழ் வாசகருக்கு இந்நூலில் ஒரு தனிச் சுவை உண்டு. காலணியைக் கழற்றுவது, தரையில் அமர்ந்து உண்பது, துக்கத்துக்கு வெள்ளை என்று படித்துக்கொண்டே போகையில், விந்தையான அயலாராகக் காட்டப்படுவோரின் பக்கத்திலேயே பலவேளை நாமும் நிற்பதை உணர்கிறோம். பிரம்பைப் பற்றிய குறிப்பில் மட்டும் நம் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலம் ஐரோப்பியர் பக்கம் நின்றன என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அறுநூறு குறிப்புகளிலும் ஒரு மனிதரைக் காணோம். இவர்கள் என்ற பன்மை இருக்கிறது. இன்னார் என்ற ஒருமை இல்லை. இருபதாண்டுக்கு மேல் உடன் வாழ்ந்தவர் தொகுத்த நூலாயினும், தெருவின் மறுபக்கத்திலிருந்து பார்த்து எழுதியது போன்ற தோற்றமே எஞ்சுகிறது. ஃபுரோயிஸுக்கு நண்பர்கள் இல்லை என்பது இதன் பொருளன்று; ஜப்பானிய மனிதர்கள் நிறைந்த அவரது வரலாற்று நூலே அதற்குச் சான்று. பட்டியல் என்னும் வடிவம் நண்பரை வெளியே நிறுத்திவிடுகிறது என்பதே நம் முறையீடு. நம் இளைஞர் வேப்பமரத்தடியில் சொன்னதும் ஒரு சிறு பட்டியல்தான்.

இவ்விடத்தில் எதையும் எழுதி வைக்காத ஒருவரையும் நினைவுகூர்தல் முறையாகும். போர்ச்சுக்கீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியா, இளமையிலேயே இயேசு சபையாருடன் ஜப்பான் சென்று, அம்மொழியைத் தாய்மொழிபோல் பேசக் கற்றார். பின்பு வணிகம் செய்தார். பிறகு மணிலாவில் பிரான்சிஸ்கு சபையில் பொதுநிலைச் சகோதரராகி, 1593இல் தோழர்களுக்கு மொழிபெயர்ப்பவராக மீண்டும் ஜப்பான் சென்றார். 1597 பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாகிக் குன்றில் சிலுவையில் அறையப்பட்ட 26 பேரில் அவரும் ஒருவர். 1862இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். ஜப்பானில் அந்நியராக வாழ்ந்த இந்தியர்களுள் நாம் பெயரறிந்த ஒருவர் அவர். ஐரோப்பியர் சிலைகளாக நின்ற இடத்தில் பேசத் தெரிந்தவர் இவர். ஆயினும் மடல்களும் வரலாறுகளும் எழுதியவர்கள் ஐரோப்பியர்கள். மொழிபெயர்ப்பவரின் குரல் பிறர் குரலாகவே கரைந்துபோகும் என்பது அந்நிய வாழ்வின் மற்றொரு விதி. அவர் தாயின் மொழியிலோ, தாம் கற்ற மொழியிலோ ஒரு மடல் எழுதியிருந்தால், இவ்வகை எழுத்தின் வரலாறே வேறாக இருந்திருக்கும்.

மதுரையில் ஓர் அந்நியர்

ஜப்பானில் கற்ற பாடம் மதுரைக்கும் வந்தது. ஜப்பானிய மரியாதை முறைகளையும் உணவையும் மேற்கொண்டு வாழுமாறு அங்கிருந்த இயேசு சபையாருக்கு 1581இல் விதிகள் வகுத்த அலெஸ்ஸாந்திரோ வலிஞானோ, 1606 ஜனவரியில் மக்காவோவில் இறந்தார். அவ்வாண்டு நவம்பரில் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்குள் நுழைந்தார். அதே எண்ணம் இங்கே காவியுடுத்து நடந்தது. நாளுக்கு ஒருவேளைச் சோறும் காய்கறியும், மண்குடிசை, பூணூல், சந்தனம், தமிழ், தெலுங்கு, வடமொழி என்று அவர் தம்மை மாற்றிக்கொண்டார். தத்துவ போதகர் என்ற பெயரால் தமிழ் உரைநடையின் தொடக்ககால ஆசிரியர்களுள் ஒருவராகவும் அவர் நம்மிடையே நிலைத்துவிட்டார்.

அவருக்கும் ஒரு நண்பர் வாய்த்தார். சிவதருமர் என்னும் தெலுங்கு அந்தணர் அவருக்கு வடமொழி கற்பித்தார். அந்நியருக்குக் காட்டலாகாது என்று காக்கப்பட்ட வேதங்களையும் கற்பித்தார். தம் குலத்தாரின் கடுந்தண்டனைக்கு உள்ளாகக்கூடிய செயல் அது. நண்பருக்காக ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே அந்நியராகும் இத்தகைய துணிவின்றி, வேற்று மண்ணில் எவரும் வேரூன்ற இயலாது. இந்நகரத்துத் தெருக்களில் நிகழ்ந்த அந்த ஆசிரிய மாணவ உறவை, தமிழ்க் கதையாசிரியர் ஒருவர் தக்க ஆழத்தோடு எழுத வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை.

ஆயினும் நோபிலியின் ஏடுகளையும் நம் அளவுகோலால் அளக்கத்தான் வேண்டும். 1611இல் அவர் தம் வாயிலில் ஓர் ஓலையை எழுதி ஒட்டினார். தாம் பறங்கியரல்லர், உரோமையில் உயர்குடியில் பிறந்தவர் என்று அதில் அறிவித்தார். அவ்வோலை ஒரு கதவைத் திறந்தது; மற்றொன்றைச் சாத்தியது. 1595 முதல் மதுரையில் பரதவர்க்குப் பணியாற்றிவந்த கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் அடிகளாரும் அவருடைய எளிய மக்களும் சாத்திய கதவுக்கு வெளியே நின்றனர். இருவருக்கும் எழுந்த வழக்கு கோவாவைக் கடந்து உரோமை வரை சென்று, 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியாரின் ஆணையால் நோபிலிக்கு இசைவாகத் தீர்ந்தது. வழக்கில் வென்றவர் எழுதிய விளக்கங்களில் பண்பாட்டறிவு மிகுதி. கதவுக்கு வெளியே நின்றவர்களின் குரல் குறைவு. அந்நியர் ஒரு நாட்டின் வாழ்வை மேற்கொள்கிறார் என்று சொல்லும்போது, யாருடைய வாழ்வை என்று நாம் கேட்டாக வேண்டும். அந்தக் கதவின் கதை நம் திருச்சபையில் இன்றும் முடிந்துவிடவில்லை. ஊருக்கு ஊர் கல்லறைத் தோட்டங்களிலும் தேர் செல்லும் தெருக்களிலும் அதைக் காண்கிறோம். முதுமையில் பார்வை மங்கி, 1656 ஜனவரியில் மயிலாப்பூரில் ஒரு குடிசையில் நோபிலி இறந்தார். அந்நியராய் வந்து இம்மண்ணிலேயே அடங்கிய அவர்மீது நமக்குள்ள அன்பு குறையாது. அன்பு இருப்பதால்தான் இடித்துரைக்கவும் துணிகிறோம்.

மடல் நின்றுபோகும் இடம்

அந்நியரின் மடல் என்னும் இவ்வடிவத்தையே உள்ளிருந்து சோதித்த படைப்பு, ஷுசாக்கு எண்டோ 1966இல் வெளியிட்ட 'மௌனம்' என்னும் நாவல். எண்டோ 1923இல் பிறந்து, சிறுவயதில் தாயின் வழியில் திருமுழுக்குப் பெற்றவர், 1950 முதல் சில ஆண்டுகள் பிரான்சில் மாணவராக அந்நிய வாழ்வின் தனிமையை அனுபவித்தவர், 1996இல் மறைந்தார். தமக்குத் தரப்பட்ட கிறிஸ்தவம் உடலுக்குப் பொருந்தாத மேனாட்டு உடையாக இருந்ததென்றும், அதைத் தம் உடலுக்கேற்பத் தைத்துக்கொள்வதே தம் எழுத்துப்பணி என்றும் அவர் சொல்லிவந்தார். சொந்த மண்ணிலேயே தம் நம்பிக்கையால் அந்நியரானவர் அவர்.

பதினேழாம் நூற்றாண்டின் துன்புறுத்தலின் நடுவே ஜப்பானுக்குள் மறைவாக நுழையும் ரொட்ரிகஸ் என்னும் போர்ச்சுக்கீசியக் குருவின் கதை அது. அவர் இறுதியில் கிறிஸ்துவின் திருவுருவை மிதிக்கும் காட்சியைப் பற்றியே நம்மவர் வாதிடுகிறார்கள். மார்ட்டின் ஸ்கோர்செசி 2016இல் அதைத் திரைப்படமாக்கியபின் அவ்வாதம் மீண்டும் எழுந்தது. நாம் வாசகரின் கவனத்தை வேறிடத்துக்கு அழைக்க விரும்புகிறோம். நாவலின் முதல் நான்கு அதிகாரங்கள் ரொட்ரிகஸ் எழுதும் மடல்கள். அவற்றில் அவரே காண்கிறார், அவரே தீர்ப்பிடுகிறார். வழிகாட்டியாக வந்த கிச்சிஜிரோ என்பவனைக் கோழை என்றும் குடிகாரன் என்றும் இகழ்கிறார். அவர் சிறைப்பட்டதும் மடல் நின்றுவிடுகிறது. கதை படர்க்கையில் தொடர்கிறது. கடைசியில் டச்சு வணிகர் ஒருவரின் நாட்குறிப்பும், காவல் அலுவலரின் பதிவேடும் வருகின்றன. பிறரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், ஜப்பானியப் பெயரொன்றைச் சுமந்தவராய்ப் பிறரால் எழுதப்படுகிறார். சிலை யார், பேசுபவர் யார் என்பது முற்றிலும் இடம்மாறிவிடுகிறது.

அப்பதிவேட்டைப் பலரும் படிக்காமலே நூலை மூடிவிடுகிறார்கள். அதில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. குருவைக் காட்டிக்கொடுத்தவனும், மீண்டும் மீண்டும் மன்னிப்புக் கேட்டு வந்தவனுமாகிய கிச்சிஜிரோ, பல்லாண்டுகள் கழிந்தபின் அதே காவல்மனையில் அவருடைய பணியாளாக வாழ்கிறான். அவன் கழுத்துப் பையில் திருவுருவம் ஒன்று அகப்படுகிறது. விசாரணையில், ஐயம் குருவின்மேல் விழாதவாறே அவன் மறுமொழி அமைகிறது. கோழை என்று மடலில் எழுதப்பட்டவன், இப்போது அஞ்சாமல் நிற்கிறான். எண்டோ இதைப் பற்றி ஒரு விளக்கமும் தருவதில்லை. அலுவலரின் வறண்ட நடையில் ஓரிரு வரிகளில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். தம் மடல்களில் ரொட்ரிகஸ் எண்ணிய அளவில் அவனை அறிந்திருக்கவில்லை என்பது அங்கே வெளிப்படுகிறது. அந்நியர் எழுதிய மடல்கள் அனைத்துக்கும் ஜப்பானியர் ஒருவர் எழுதிய பதில் மடல் என்றே இந்நாவலை நாம் படிக்கிறோம். அப்பதிலின் சாரம், நீர் இகழ்ந்து எழுதியவனே கடைசிவரை உம்மோடு இருந்தான் என்பது.

குறை ஒன்றும் சொல்லியாக வேண்டும். எண்டோவின் நாவலில் ஜப்பானியப் பெண்கள் ஏறத்தாழ நிழல்களாகவே நின்றுவிடுகிறார்கள். ரொட்ரிகஸுக்கு அளிக்கப்பட்ட மனைவி, பதிவேட்டில் ஒரு பெயராகவும் எண்ணிக்கையாகவுமே இருக்கிறார். அம்மனையின் அன்றாடத்தை அவர் கண்ணால் கண்டு எழுதியிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மீண்டும் வேப்பமரத்தடியில்

இவற்றையெல்லாம் ஏன் இன்று எழுத வேண்டும் என்று கேட்கலாம். சவேரியாரும் ஃபுரோயிஸும் கப்பல் ஏறிய தொலைவுக்கு இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் ஓரிரவில் சென்றுவிடுகிறார்கள். தோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் இந்தியர் பலர் கூடி வாழ்கிறார்கள். மடலின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. படங்கள் வருகின்றன, செர்ரிப் பூக்கள் வருகின்றன, ஃபுஜி மலை வருகிறது. அறுநூறு வேற்றுமைகள் நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன. நண்பர் மட்டும் படத்தில் வருவதில்லை.

நம் பக்கமும் இதே கேள்வி நிற்கிறது. மதுரையின் சுற்றுச்சாலையோரக் கட்டடங்களிலும், சுற்றியுள்ள ஊர்களின் செங்கற்சூளைகளிலும், உணவகங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கிறார்கள். நாம் பேசுவது புரியாமல் அவர்கள் நம் நடுவே பேசாச் சிலைகளாய் நிற்கிறார்கள். அவர்களுள் ஒருவர் தம் தாய்க்கு மதுரையைப் பற்றி எழுதினால், அம்மடலில் நம்முள் எவர் பெயரேனும் இடம்பெறுமா?

அன்று விடைபெறுமுன் அந்த இளைஞர் நம்மிடம் தனியே வந்தார். முதியவரின் கேள்வி அவரை விட்டு நீங்கவில்லை போலும். தாம் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாழும் மூதாட்டி ஒருவரைப் பற்றிச் சொன்னார். குப்பையைத் தவறான நாளில் வைத்ததற்காக, சென்ற புதிதில் அம்மூதாட்டி அவரைத் தெருவில் நிறுத்திக் கடிந்துகொண்டாராம். மறுவாரம் கதவைத் தட்டி, எது எந்த நாள் என்று தம் கையால் எழுதிய தாளைக் கொடுத்தாராம். ஒரு குளிர்காலத்தில் இவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அரிசிக்கஞ்சி காய்ச்சி, மேலே புளிப்பான காய் ஒன்றை வைத்துக் கொண்டுவந்தாராம். "நம்ம ஊர்க் கஞ்சி மாதிரியேதான் இருந்துச்சு. அவங்களச் சேக்காளின்னு சொல்லலாமான்னு தெரியல" என்றார்.

சொல்லலாம் என்றோம். முதலில் கடிந்துகொண்டவர் அவர்தானே. ஊருக்குத் திரும்பியதும் அம்மூதாட்டியைப் பற்றி ஒரு கடிதம் எழுதுமாறும், அதில் தொடர்வண்டிகளைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். எழுதுவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார்.